டுப்ரோவ்னிக்: எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியாக?

வாசகர் கேள்வி – பதில்

குரோஷியாவின் தென்கோடியில், அட்ரியாடிக் கடலை ஒட்டி, சுற்றிலும் மதிலோடு நிற்கும் பழைய துறைமுக ஊர் டுப்ரோவ்னிக். 1808 வரை அது தனிக் குடியரசு. அந்த ஊருக்கு விடுமுறையில் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பொதுவானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறும் என்பதால், இங்கே தரும் தொகைகளைச் செலவுக் கணக்குப் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டுப்ரோவ்னிக்குக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்? ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார்கள். ஜூலையில் கூட்டம் தாங்காது என்றும் சொல்கிறார்களே?

மதிலுக்குள் இருக்கும் ஊரை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க பத்து நிமிடம் போதும். அதை வைத்துத்தான் ஒரு நாள் போதும் என்கிறார்கள். அந்த ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரையிலான நேரம். ஊரின் மிக மோசமான நேரம் அதுதான். பெரிய சொகுசுக் கப்பல்கள் காலையில் க்ரூஷ் துறைமுகத்துக்கு வந்து நிற்கும். அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பழைய ஊருக்குப் பேருந்து பேருந்தாக ஆட்களைக் கொண்டுவந்து மேற்கே உள்ள பிலே வாசலில் இறக்குவார்கள். சாயங்காலம் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று நகர நிர்வாகம் கப்பல் நிறுவனங்களோடு பேசி வைத்திருக்கிறது. அப்படியும், இரண்டு கப்பல் ஆட்கள் இறங்கினாலே பிலே வாசலில் தோளோடு தோள் உரசும்.

ஆகவே நாள் கணக்கைவிட மணிக் கணக்குதான் முக்கியம். இரண்டு இரவு தங்கினால் இரண்டு விடியலும் இரண்டு அந்தியும் கிடைக்கும். காலை 8:30க்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் ஊருக்குள் இருங்கள். நடுப்பகலைக் கடலுக்கோ தீவுக்கோ அறைக்கோ கொடுத்துவிடுங்கள். மூன்று இரவு என்றால் ஆற அமரப் பார்க்கலாம். பக்கத்து ஊருக்கும் ஒரு நடை போய்வரலாம்.

மாதம் உங்கள் கையில் இருந்தால் மே, ஜூன் முற்பாதி, செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் நல்லவை. கடலில் இறங்கவும் வேண்டும் என்றால் இவற்றில் செப்டம்பருக்கே எங்கள் ஓட்டு, கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் அப்போதும் இதமாக இருக்கும். ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 25 வரை ஊரின் கோடை விழா. 1950 முதல் நடக்கிறது. கோட்டைகளிலும் முற்றங்களிலும் நாடகமும் இசையும் நடக்கும், அறை வாடகையும் உச்சத்தில் நிற்கும். குளிர்காலத்தில் செலவு பாதியாகக் குறையலாம். ஆனால் உணவகங்களில் பல மூடிக்கிடக்கும், பக்கத்திலிருக்கும் லோக்ரும் தீவுக்குப் படகு ஓடாது, நவம்பரில் மழை கொட்டும்.

கேள்வி: ஷெங்கன் விசாவில் டுப்ரோவ்னிக் போய், அங்கிருந்து மோஸ்டாருக்கும் கோடோருக்கும் ஒரு நாள் சுற்றுலா போக நினைக்கிறோம். விசாவில் சிக்கல் வருமா?

வரும், நீங்கள் வாங்கியது ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தால். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுதான் ஷெங்கன். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று அதில் சேர்ந்தது, அன்றைக்கே யூரோவுக்கும் மாறியது. மோஸ்டார் இருக்கும் போஸ்னியாவும் கோடோர் இருக்கும் மாண்டினீக்ரோவும் ஷெங்கனுக்கு வெளியே. எல்லையைத் தாண்டிய நிமிடமே உங்கள் ஒரு நுழைவு தீர்ந்துவிடும். மாலையில் டுப்ரோவ்னிக்குத் திரும்ப அனுமதி கிடைக்காது, பெட்டி மட்டும் விடுதியில் இருக்கும். அதனால் விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள். எந்த நாளில் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று பயணத் திட்டத்தில் எழுதிக் காட்டுங்கள். பலமுறை நுழைவு ஷெங்கன் விசா செல்லுபடியாகும் காலத்தில் இருந்தால் போஸ்னியா, மாண்டினீக்ரோ இரண்டுக்கும் தனி விசா இல்லாமல் குறுகிய காலம் போய்வரலாம்.

இன்னொரு வலை பலர் கண்ணுக்குப் படுவதில்லை. ஸ்ப்ளிட் நகரிலிருந்து கடலோரமாகத் தெற்கே வரும் சாலை நடுவில் நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளியே வரும். போஸ்னியாவுக்குக் கடல் எட்டுவது அந்தச் சிறு துண்டில்தான். டுப்ரோவ்னிக் பகுதி குரோஷியாவின் மற்ற பகுதியோடு தரைவழியில் ஒட்டாமல் இருந்ததற்கும் அதுவே காரணம். 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு போஸ்னியாவைத் தொடாமலேயே வரலாம். ஆனால் காரில் வருகிறவர்களின் வழிகாட்டிச் செயலி நேயும் வழியையும் காட்டும். பேருந்துகளும் எல்லாம் பாலத்தின் மேல்தான் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை நுழைவு விசாக்காரர்கள் சீட்டு வாங்கும்போதே "பாலம் வழியா, நேயும் வழியா" என்று கேட்டுவிடுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஸ்ப்ளிட்டிலிருந்து ஓடும் கட்டமரான் படகில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. டுப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது.

பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் என்றால் 45. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் காலம் கடந்தது. பல நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால் அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முகப்படமும் விரல்ரேகையும் பதியும் புதிய முறை படிப்படியாக வந்திருக்கிறது. கோடையில் மாண்டினீக்ரோ எல்லையில் ஏற்கெனவே மணிக்கணக்கில் வண்டிகள் நிற்கும். கோடோருக்கு ஒரே நாளில் போய்வரும் யோசனை இருந்தால் விடியற்காலையில் கிளம்புங்கள், அன்று மாலை விமானம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பழைய ஊருக்குள்ளேயே அறை எடுப்பது நல்லதா, வெளியே தங்கலாமா? எங்களோடு பெரிய பெட்டிகள் இருக்கும்.

அறை தேடும்போது எல்லோரும் பழைய ஊரிலிருந்து தூரம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இந்த ஊரில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, படி எத்தனை என்பது. ஊரின் நடுத்தெருவான ஸ்ட்ராடூன் ஒரு பள்ளத்தில் ஓடுகிறது. அதன் இருபுறமும் நிலம் மேலே ஏறும். வடக்குப் பக்கத்துச் சந்துகள் முழுக்கக் கல்படிகள். மதிலுக்கு வெளியேயும் மலைச்சரிவில்தான் வீடுகள். வரைபடத்தில் பிலே வாசலுக்கு 300 மீட்டர் என்று காட்டும் வீட்டுக்கு 150 படி இருக்கக்கூடும். முன்பதிவுக்கு முன் வீட்டுக்காரருக்கு இரண்டே கேள்வி அனுப்புங்கள்: வண்டி நிற்கும் சாலையிலிருந்து வாசலுக்கு எத்தனை படி? வாசலிலிருந்து அறைக்கு எத்தனை? எண்ணில் பதில் வராவிட்டால் வேறு வீடு பாருங்கள்.

மதிலுக்குள் கார் வராது. டாக்ஸி உங்களைப் பிலேயில் அல்லது கிழக்கே ப்ளோச்சேயில் இறக்கிவிடும். அதற்கு மேல் பெட்டி உங்கள் தலைப்பாடு. கல்தளத்தில் சக்கரப் பெட்டியை இழுக்கும் சத்தம் இரு சுவரிலும் மோதி, தூங்குகிறவர்களை எழுப்பிவிடும். அதனால் தூக்கிக்கொண்டு போகும்படி நகர நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. உள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன, இந்த வேண்டுகோளை மதிப்பதே முறை. இவ்வளவுக்கும் பிறகு உள்ளே தங்குவதில் ஒரு பெரிய லாபம் உண்டு. காலை 6 மணிக்கு ஸ்ட்ராடூனில் நீங்களும் தெருக் கழுவுகிறவர்களும்தான். தோள்பையோடு போகிற இளையவர்களுக்கு அது பொருத்தம்.

பெட்டி, குழந்தை, பெரியவர்கள் என்று போகிற குடும்பங்களுக்கு லாபாட் பகுதியைச் சொல்வோம். சமதளமான நடைபாதை, கடற்கரை, கடைகள் எல்லாம் அங்கே உண்டு. 6-ம் எண் பேருந்து பிலேக்கு வரும், நெரிசல் இல்லாத நேரத்தில் கால்மணி, இருபது நிமிடம் ஆகும். க்ரூஷ் துறைமுகப் பகுதியில் வாடகை மலிவு. பேருந்து நிலையம், படகுத்துறை, காய்கறிச் சந்தை மூன்றும் பக்கத்திலேயே. மறுநாள் வேறு ஊர் போகிறவர்களுக்கு அதைவிட வசதி கிடையாது. ப்ளோச்சே பக்கம் காட்சி அபாரம், விலையும் அப்படியே.

விமான நிலையம் ஊருக்குத் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி சிலிபியில் இருக்கிறது. விமானங்களின் நேரத்தை ஒட்டி ஷட்டில் பேருந்து விடுகிறார்கள். ஊருக்கு வரும்போது இடப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். வரும்போது இறங்கிய நிறுத்தத்திலேயே திரும்பும் பேருந்து நிற்கும் என்று நினைத்துக்கொண்டு போய் விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. திரும்பும் வழியின் நிறுத்தத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். நகரப் பேருந்துச் சீட்டு கடையிலும் செயலியிலும் வாங்கினால் ஓட்டுநரிடம் வாங்குவதைவிட மலிவு. ஏறியதும் கருவியில் பதித்துவிட வேண்டும்.

கேள்வி: மதில் மேல் நடக்க டிக்கெட் 40 யூரோ என்கிறார்கள். அவ்வளவு கொடுத்துப் போகத்தான் வேண்டுமா? எங்கிருந்து ஏறுவது?

போகத்தான் வேண்டும். ஊரில் ஒரே ஒரு இடத்துக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால் அது மதிலாகவே இருக்கட்டும். 1,940 மீட்டர் நீளம், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். மலைப்பக்கத்திலிருந்து படை வரும் என்று பயந்து அந்தப் பக்கத்தை 6 மீட்டர் வரை தடிமனாகக் கட்டினார்கள். கடல் பக்கம் அந்தத் தடிமனில் பாதிகூட இல்லை, அங்கே பாறையே காவல். நடக்கும்போது இந்த வித்தியாசம் காலடியிலேயே தெரியும்: வடக்கில் அகலமாக நடக்கிற நீங்கள் தெற்கில் சில இடங்களில் ஒற்றை வரிசையில் போக வேண்டியிருக்கும்.

பணத்தை முதலில் முடித்துவிடுவோம். 2025 பருவத்தில் மதில் டிக்கெட் 40 யூரோ. அதே ஆண்டு, மதில், அருங்காட்சியகங்கள், நகரப் பேருந்து எல்லாவற்றையும் சேர்த்துத் தரும் டுப்ரோவ்னிக் பாஸின் ஒரு நாள் விலையும் 40 யூரோதான், மூன்று நாளுக்கு 50. மதில் டிக்கெட்டைத் தனியாக வாங்குவதில் அர்த்தமே இல்லை. வரிசையில் நிற்கிறவர்களில் பலர் இது தெரியாமல்தான் வாங்குகிறார்கள். பாஸை இணையத்தில் வாங்கினால் மலிவு. முதன்முதல் பயன்படுத்தும்போதுதான் நாள் ஓடத் தொடங்கும்.

ஏறும் வாசல்கள் மூன்று: மேற்கே பிலே வாசலுக்குள் நுழைந்ததும் ஒன்று, கிழக்கே ப்ளோச்சே பக்கம் ஒன்று, பழைய துறைமுகத்தையொட்டிய புனித யோவான் கோட்டை அருகே ஒன்று. மேலே ஒருவழிப் பாதை, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் மட்டுமே நடக்கலாம். கூட்டம் முழுக்கப் பிலேயில் ஏறும். அங்கே ஏறினால் முதலில் கடல் பக்கம் வரும். கடைசியில், கால் சோர்ந்த பிறகு, வடமேற்கு மூலையில் நிற்கும் மின்செத்தா கோபுரத்தை நோக்கி வெயிலில் ஏற்றம். ப்ளோச்சேயில் ஏறுங்கள். முதல் அரை மணியிலேயே ஏற்றம் முடிந்துவிடும், மின்செத்தா உச்சியைத் தொட்டுவிடுவீர்கள். பிறகு பிலேக்கு இறங்கி, கடல் பக்கத்தைக் காற்று வாங்கிக்கொண்டே சுற்றி வரலாம். கோடையில் காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். 7:50க்கு அங்கே இருங்கள்.

படத்துக்காகப் போகிறவர்களுக்கு மட்டும் வேறு யோசனை. மின்செத்தாவிலிருந்து கூரைகளையும் லோக்ரும் தீவையும் பார்ப்பது தென்கிழக்கு நோக்கி. காலையில் சூரியன் எதிரே நிற்கும், படம் வெளிறிப் போகும். மாலையில் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வந்து கூரைகள் பளிச்சென்று தெரியும். மூடுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு ஏறினால் அதுவும் கிடைக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துக்கு மேல் படிகள், நிழல் அனேகமாக இல்லை, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். வழியில் கடை உண்டு, ஒரு பாட்டில் தண்ணீரே கையைக் கடிக்கும். நடுவில் இறங்கிவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி ஏற முடியாது, கழிப்பறைத் தேவையை முன்பே முடித்துவிடுங்கள். வெளியே வந்ததும் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிலேக்கு வெளியே 37 மீட்டர் பாறையின் மேல் நிற்கும் லோவ்ரியெனாட்ஸ் கோட்டைக்கும் அதே டிக்கெட் செல்லும். அதன் வாசலுக்கு மேலே லத்தீனில் வெட்டியிருக்கும் வரியின் பொருள்: உலகத்துப் பொன் அத்தனைக்கும் ஈடாகச் சுதந்திரத்தை விற்கலாகாது.

கேள்வி: மேலிருந்து எடுத்த படங்களில் கூரை ஓடுகள் ஒரே நிறத்தில் இல்லையே, ஏன்?

இந்தக் கேள்விக்காகவே மதில் மேல் ஐந்து நிமிடம் நிற்கலாம். வடக்கு மதிலில் எங்காவது நின்று, கீழே ஒரே ஒரு கூரையைப் பாருங்கள். சில ஓடுகள் மங்கிய மஞ்சளும் சாம்பலும் இளஞ்சிவப்புமாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், பாசி படிந்திருக்கும். அவை கையால் செய்த பழைய ஓடுகள். பக்கத்துக் கூரை முழுக்க ஒரே செம்மஞ்சள், ஒரே அளவு, வரிசை பிசகாமல் இருக்கும். அவை போருக்குப் பின் வந்தவை.

யூகோஸ்லாவியாவிலிருந்து குரோஷியா பிரிந்ததை ஒட்டி எழுந்த போரில், 1991 அக்டோபரில் யூகோஸ்லாவிய ராணுவம் ஊரை முற்றுகையிட்டது. மிகக் கடுமையான குண்டுவீச்சு அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று நடந்தது. பழைய ஊரின் 824 கட்டடங்களில் 563 மீது குண்டு பட்டது. 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் அது. பழைய ஓட்டைப் போலவே வேண்டும் என்று தேடியும் உள்ளூரில் அத்தனை கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்தும் தருவித்தார்கள். ஓடு ஓடாக எண்ணினால், எந்த வீடு அடிபட்டது, எந்த வீடு தப்பியது என்று கூரையே சொல்லிவிடும். எந்தக் கட்டடத்தில் என்ன சேதம் என்று குறித்த வரைபடத்தை ஊர் வாசல்களுக்கு அருகே பதித்திருக்கிறார்கள். மேலே ஏறுவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டுப் போனால் கூரைகள் வேறு விதமாகத் தெரியும்.

கீழேயும் ஒன்று கவனியுங்கள். 1667 ஏப்ரல் 6 நிலநடுக்கத்தில் ஊர் பெரும்பாலும் இடிந்தது. அதன் பின் ஸ்ட்ராடூன் வீடுகளை ஒரே உயரத்தில், ஒரே அமைப்பில் கட்டினார்கள். தரைத்தளக் கடைகளின் கதவையும் சன்னலையும் ஒரே வளைவுக்குள் சேர்த்து, பாதியில் இடுப்பளவு கல் திண்ணை வைத்திருப்பார்கள். கடைக்காரர் உள்ளே நின்றபடி அந்தத் திண்ணை மேல் சரக்கை வைத்து வியாபாரம் செய்தார். இன்று பல கடைகள் அதில் நினைவுப் பொருட்களை அடுக்கி மறைத்துவிட்டன. அதிகாலையில் கடை மூடியிருக்கும்போது அமைப்பு தெளிவாகத் தெரியும்.

கேள்வி: நாங்கள் சைவம். முட்டை சாப்பிடுவோம். மீன் ஊரில் பட்டினி கிடக்க வேண்டுமோ?

பட்டினி இல்லை. ஆனால் பெயரை நம்பி எதையும் வாங்கக் கூடாது. முதல் பொறி 'செலெனா மெனெஸ்ட்ரா'. பச்சைக் காய்கறிக் குழம்பு என்று பெயர் சொல்கிறது. முட்டைக்கோசு, கீரை, உருளைக்கிழங்கு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கொதிப்பதோ புகைபோட்ட இறைச்சித் துண்டுகளோடு, ருசியே அதிலிருந்துதான் வருகிறது. அடுத்தது ரிஸோட்டோ. காளான், காய்கறி என்று எழுதியிருந்தாலும் அரிசியை மீன் அல்லது இறைச்சி வடிநீரில் வேகவைத்திருக்கலாம். கறுப்பு ரிஸோட்டோவின் நிறம் கணவாய் மை. கேட்க வேண்டிய சொற்கள் இரண்டு: 'பெஸ் மெசா' என்றால் இறைச்சி வேண்டாம், 'பெஸ் ரிபே' என்றால் மீன் வேண்டாம். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையலறைகள் அங்கே நிறைய.

நம்பிச் சாப்பிடக் கூடியது 'பிளித்வா'. ஒருவகைக் கீரையை உருளைக்கிழங்கோடு வேகவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டுப் புரட்டியது. மீனுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பார்கள், தனியாகக் கேட்டாலும் தருவார்கள். சுட்ட காய்கறித் தட்டு, பீட்சா, பாஸ்தா எங்கும் கிடைக்கும். காலையில் ரொட்டிக்கடையில் பூரெக் (மெல்லிய மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்டது) வாங்கும்போது 'சிர்' என்ற சொல்லைச் சேர்த்துக் கேளுங்கள், அது பாலாடைக்கட்டி. வெறுமனே பூரெக் என்றால் இறைச்சி வந்துவிடலாம். இனிப்பில் ரொசாட்டா என்ற முட்டைப் பாலேடு இந்த ஊரின் சிறப்பு. ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரையில் ஊறவைத்து உலர்த்திய மிட்டாயை ஊருக்கு வாங்கி வரலாம், கெட்டுப்போகாது.

செலவு மிச்சமாக வேண்டும் என்றால் அடுப்புள்ள வீடு எடுங்கள். பழைய ஊருக்குள் குண்டுலிச் சதுக்கத்தில் காலையில் சந்தை கூடும், படம் எடுக்க அழகு. காய்கறி வாங்க க்ரூஷ் சந்தையே சரி, உள்ளூர்க்காரர்கள் வாங்கும் இடம் அது. இரண்டும் நண்பகலோடு அடங்கிவிடும். 2023 ஜூலை முதல் குரோஷியாவில் ஒரு கடை ஆண்டுக்கு 16 ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கலாம் என்று சட்டம். சுற்றுலா ஊர்களில் அந்த ஞாயிறுகளைக் கோடைக்கு ஒதுக்கிக்கொள்கிறார்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் போகிறவர்கள் சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கி வைத்துவிடுங்கள்.

தண்ணீர் வாங்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பிலே வாசலுக்குள் நுழைந்ததும் நிற்கும் பெரிய ஓனோஃப்ரியோ நீரூற்று 1438-ம் ஆண்டு வேலை. சுமார் 12 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர், 16 கல் முகங்களின் வாய் வழியே விழும். பாட்டிலை அங்கே நிரப்பிக்கொண்டுதான் மதில் ஏற வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அவரால் என்ன பார்க்க முடியும்?

மதிலை விட்டுவிடுங்கள், பாதியில் முடியாமல் போனால் இறங்கும் வழிகள் சில இடங்களில்தான் உண்டு. மற்றபடி பார்க்க நிறைய இருக்கிறது. ஸ்ட்ராடூன் சுமார் 300 மீட்டர், முழுக்கச் சமதளம். அதை ஒட்டியே பிரான்சிஸ்கன் மடம், அதனுள் 1317-ல் தொடங்கிய மருந்தகம், மறுமுனையில் ஸ்போன்ஸா மாளிகை, ஆட்சியர் மாளிகை, பழைய துறைமுகம். எல்லாம் ஏற்றமில்லாமல் எட்டிவிடும். மடத்தின் முற்றத்தில் இரட்டைத் தூண்களுக்கு நடுவே நிழலில் உட்கார இடம் உண்டு. அருங்காட்சியகங்களின் மேல்தளத்துக்கு மட்டும் படி ஏற வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ராடூனின் சுண்ணாம்புக்கல் நூற்றாண்டுக் கணக்கில் காலடி பட்டுக் கண்ணாடியாகத் தேய்ந்திருக்கிறது. மழைத்தூறல் விழுந்தால் வழுக்கும், வெயில் நாளிலும் அதிகாலையில் கழுவி விட்டிருப்பார்கள். தோல் அடிச்செருப்பு ஆகாது, ரப்பர் அடிப்பாகம் வேண்டும்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க அம்மாவைக் கேபிள் காரில் ஸ்ர்ஜ் மலைக்கு அழைத்துப் போங்கள், சுமார் 4 நிமிடத்தில் 400 மீட்டர் உயரம். கேபிள் கார் நிலையம் வடக்கு மதிலுக்கு மேலே இருக்கிறது. ஸ்ட்ராடூனிலிருந்து நடந்தால் செங்குத்தான படி. டாக்ஸியில் நேரே நிலையத்துக்கே போய்விடுங்கள். சூரியன் மறையும் நேரத்துக்கு எல்லோரும் ஏறுவார்கள், இறங்கும் வரிசை நீளும். ஒரு மணி நேரம் முன்பே மேலே போய் இடம் பிடித்து, மறைந்ததும் உடனே கிளம்பினால் நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: முன்பதிவு செய்த படகும் கேபிள் காரும் காற்றினால் ரத்தாகும் என்று கேள்விப்பட்டோம். முன்கூட்டியே தெரியுமா?

இரண்டு காற்றுகளின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். 'யூகோ' தென்கிழக்கிலிருந்து வரும், ஈரமானது, வானம் மூடும், அலை எழும்பும். அன்று தீவுப் படகுகள் நிற்கும், பாறைகளில் குளிக்கக் கூடாது. 'பூரா' வடகிழக்கில் மலையைத் தாண்டி விழும் வறண்ட குளிர்காற்று. வானம் தெளிவாகவே இருக்கும், ஆனால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். பலமாக வீசினால் விமானங்களே வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படும். இரண்டும் குளிர்காலத்தில் அடிக்கடி வரும், கோடையில் அரிது. வானிலை அறிவிப்பில் முந்தின நாளே இந்தப் பெயர்கள் வரும். கேபிள் காரைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள், முதல் தெளிந்த மாலையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: கடலில் குளிக்க எங்கே போவது? மணல் கரை உண்டா?

ஊரை ஒட்டி மணல் கிடையாது, கூழாங்கல்லும் பாறையும்தான். பாறை இடுக்குகளில் கடல்முள்ளெலி இருக்கும். கறுப்பு முள் பந்து, மிதித்தால் முள் ஒடிந்து பாதத்துக்குள் நின்றுவிடும். தண்ணீரில் போடும் ரப்பர் காலணி மலிவாகக் கிடைக்கும், அது இல்லாமல் இறங்காதீர்கள். 

ப்ளோச்சே வாசலுக்கு வெளியே உள்ள பான்யே கரை மிக அருகில், அதனால் கூட்டம். அங்கிருந்து கிழக்கே அரை மணி நடந்தால் ஸ்வெத்தி யாகோவ் கரை. கடைசியில் நூற்றுச் சொச்சம் படி இறங்க வேண்டும், ஏறும்போது மூச்சு வாங்கும். பிற்பகல் முழுக்க வெயில் விழும், எதிரே பழைய ஊரும் தீவும் தெரியும். குழந்தைகளோடு என்றால் லாபாட் கரை.

லோக்ரும் தீவுக்குப் பழைய துறைமுகத்திலிருந்து படகு, கால்மணிப் பயணம். பைன் நிழல், தாவரத் தோட்டம், இடிந்த பெனெடிக்டைன் மடம், கடல்நீர் உள்ளே வந்து தேங்கிய ஒரு சிறு ஏரி. நீந்தத் தெரியாதவர்கள் அலையில்லாத அந்த ஏரியின் கரையோரமாக மட்டும் நிற்கலாம். நடுப்பகல் வெயிலுக்கு இதைவிட நல்ல இடம் ஊருக்குள் இல்லை. காலை 10 மணிக்குப் போய் 4 மணிக்குத் திரும்புங்கள். இரவு தங்க அனுமதி கிடையாது, கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே பலகையில் பாருங்கள். மயில்கள் உங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வரும், போடாதீர்கள். தீவில் புகைபிடிக்கத் தடை.

கேள்வி: கரையிலிருந்து அப்படியே ஊருக்குள் போகலாமா? உடைக்கு ஏதாவது விதி உண்டா?

நீச்சல் உடையோடும், சட்டை இல்லாமலும் பழைய ஊருக்குள் நடக்கக் கூடாது, அபராதம் விதிப்பார்கள். பையில் ஒரு சட்டையும் துண்டும் போதும். தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

கேள்வி: கையில் எவ்வளவு யூரோ வைத்துக்கொள்வது?

கடை, உணவகம், அருங்காட்சியகம் எங்கும் அட்டை செல்லும். சந்தைக்கும் பேருந்துக்கும் கழிப்பறைக்கும் சில்லறையாக ஐம்பது யூரோ போதும். பழைய ஊரின் சந்துகளில் தனியாக நிற்கும் பணம் எடுக்கும் இயந்திரங்களில் கட்டணம் அதிகம். வங்கிக் கிளையோடு ஒட்டிய இயந்திரத்தில் எடுங்கள். எங்கே எடுத்தாலும் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா" என்று திரை கேட்கும். வேண்டாம் என்று அழுத்தி யூரோவிலேயே எடுங்கள். ஒப்புக்கொண்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், வங்கி விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும். உணவகத்தில் அட்டை தேய்க்கும் கருவியும் இதையே கேட்கும், அங்கேயும் யூரோ என்றே சொல்லுங்கள்.